மூன்று பக்க வசனம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடி எழுதுவது. குளிரில் மூக்கு மட்டும் தனியாக அழுதுகொண்டிருக்கிறது, மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. நீ, அத்தான், வாண்டு மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

மலைக்கு வந்து இறங்கியதும் முதல் வேலையாக உனக்குப் போன் போட்டேன். அத்தான் எடுத்து, "அவ குளிக்கறாளே" என்றார். சாயங்காலம் போட்டால், "கடைக்குப் போயிருக்கா." மறுநாள் மத்தியானம், "தூங்கறா." நீ பகலில் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. என்ன நடக்கிறது அங்கே?

கேசட்டும் வரவில்லை. புது டைரக்டர் முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஊர் உலகத்துல எல்லாரும் நடிச்சு முடிச்சுட்டு அப்புறம் குரல் கொடுப்பாங்க. உங்க அக்கா முன்னாடியே வசனத்தைப் பேசி அனுப்பிடுவாங்களாமே? அதைக் கேட்டுட்டு நீ வாயசைப்பியாமே?" என்றார். "ஆமா சார், எட்டுப் படமா அப்படித்தான். அவ எங்க மூச்சு விடறாளோ அங்கதான் நானும் விடுவேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதக் கடைசியில் நான் நர்ஸ் உடுப்பில் டாக்டரோடு சண்டை போட வேண்டும். உன் குரலைக் கேட்காமல் எப்படிச் சண்டை போடுவது?

கேசட்டை உடனே அனுப்பு. வாண்டுவுக்கு முத்தம்.

உன்
வாயாடி

---

ஜனவரி 24

அன்புள்ள வாயாடிக்கு ஆசிகள்.

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மூக்கொழுகலுக்கு ஆவி பிடி. தலையை ஈரத்தோடு விட்டுவிட்டுச் சீவாதே.

டேப் ரெக்கார்டர் கெட்டுவிட்டது. ரிப்பேர்க்காரன் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறான். அதனால் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதியே அனுப்புகிறேன். நீ ஒன்றும் எழுதப் படிக்கத் தெரியாதவள் இல்லையே.

டாக்டரோடு சண்டைக் காட்சி: முதல் இரண்டு வரியும் வேண்டாம். நர்ஸ் கோபமாக இருக்கிறாள் என்பது கையில் இருக்கும் ஊசியை அவள் கீழே வைக்கிற வேகத்திலேயே தெரிந்துவிடும். "நீங்க வந்து பார்த்திருக்கணும்" என்பதை மட்டும் சொல். "வந்து" என்ற இடத்தில் நிறுத்து. கத்தாதே. நிஜமாகக் கோபம் வந்தவள் கத்த மாட்டாள்.

மாமியாரோடு பேசும் காட்சியில் அந்த "ஐயோ அத்தை" எல்லாம் எதற்கு? தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்துவிடு. வசனக்காரர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. வீணாகப் போனுக்குக் காசைக் கொட்டாதே, கடிதம் போதும்.

அக்கா

---

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

ஆவி பிடித்தேன், மூக்கு சரியாகிவிட்டது. உங்கள் எல்லோருக்கும் சுகம்தானே? மறைக்காமல் எழுது.

நீ சொன்னபடியே செய்தேன். டைரக்டர் 'கட்' சொல்லவே மறந்துவிட்டார். விளக்குப் பிடிக்கிறவர்கள் கூடக் கை தட்டினார்கள். "இத்தனை நாள் பேசிப் பேசியே கெட்டிருக்கே பாப்பா" என்று எனக்குத் தலை பின்னும் ஒப்பனைக்காரம்மா சொன்னாள். வசனக்காரர் மட்டும் உர்ரென்று இருக்கிறார். "உங்கக்கா பேனாவால எழுதறாங்களா, கத்திரிக்கோலால எழுதறாங்களா?" என்று கேட்டார்.

எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. நீ அனுப்புகிற ஒவ்வொரு குறிப்பிலும் என் வசனம் தேய்ந்துகொண்டே வருகிறது. எனக்காகப் பேசவே உனக்கு இஷ்டம் இல்லையோ?

அந்தப் பத்திரிகைப் பேட்டியைப் பார்த்துவிட்டாய், அப்படித்தானே? "இந்தத் தேன் குரலின் ரகசியம் என்ன?" என்று அவன் கேட்டான். பக்கத்தில் படத்தின் முதலாளி உட்கார்ந்து காலை மிதித்துக்கொண்டிருந்தார். "தினமும் வெந்நீர் குடிப்பேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். தவளை தன் வாயால் கெட்ட கதைதான். உன் தொண்டையை வைத்துக்கொண்டு நான் வெந்நீர்க் கதை சொன்னது தப்புதான். திட்டிவிடு. போனில் திட்டு. உன் திட்டையாவது காதால் கேட்கிறேன். இந்த மௌனம்தான் என்னைக் கொல்கிறது.

வாயாடி

---

பிப்ரவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீ வந்து பார்ப்பதற்குள் முளைத்துவிடும் என்று கவலைப்படுகிறாள்.

பேட்டியைப் பார்த்தேன், சிரித்தேன். வெந்நீர் குடித்துக் குரல் வரும் என்றால் மளிகைக்கடைக்காரர் இந்நேரம் பெரிய பாடகர் ஆகியிருப்பார். அவர் என்னிடம் எப்போதும் சொல்வார்: "உங்க குரல் அப்படியே அந்த நடிகை குரல் மாதிரி இருக்கும்மா." நான், "தங்கச்சிதானே, சாயல் இருக்கும்" என்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் குஷி. அதை ஏன் விடுவேன்? எனக்கு உன்மேல் ஒரு கோபமும் கிடையாது. கண்டதையும் யோசித்து முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அடுத்த மாதம் கேமராவுக்கு முகம்தான் வேண்டும்.

மற்ற காட்சிகளுக்குக் குறிப்பு இத்துடன் இருக்கிறது. முக்கியமாக ஒன்று. கோர்ட்டுக் காட்சியில் மட்டும் ஒரு சொல்லையும் தொடாதே. நோயாளியைக் கொன்றதாகக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள். ஜட்ஜ் கேட்கிறார், "ஏதாவது சொல்லணுமா?" என்று. படம் முழுக்க வாயை மூடியிருந்தவள் அப்போதுதான் பேசுகிறாள். மூன்று பக்கம். அந்த வசனக்காரர் இந்த மூன்று பக்கத்தை எழுதத்தான் பிறந்திருக்கிறார். அதை நான் பேசுவேன். டப்பிங்கில் வந்து நன்றாகப் பேசுவேன். நீ நிதானமாக வாயசை. அவசரப்படாதே.

அக்கா

---

பிப்ரவரி 27

வாயாடிக்கு அத்தான் எழுதுவது.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் உன் அக்காவுக்குத் தெரியாது. ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடம் போனில் ஒவ்வொரு தடவையும் குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று புளுகிப் புளுகி எனக்கே வெட்கமாகிவிட்டது. நேற்று "குளிக்கறா" என்று நான் சொல்லும்போது அவள் என் எதிரிலேயே நின்று உன் குரலை ரிசீவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பேசி மாதக்கணக்காகிறது அம்மா. தொண்டையில், குரல் நாண் என்கிறார்களே, அதில் ஒரு கட்டி. டாக்டர் வாயையே திறக்கக் கூடாது என்றார். வீட்டில் சிலேட்டுப் பலகைதான். வாண்டுவைக் கூப்பிடக் கை தட்டுகிறாள்.

சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் நல்லதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தால் உயிருக்குப் பயமில்லை. ஆனால் பழைய குரல் வருமா என்றால் கையை விரிக்கிறார். இவள் ஒரே பிடிவாதம். "தங்கச்சி படத்துக்கு டப்பிங் பேசி முடிச்சுட்டுத்தான் ஆபரேஷன்" என்று பலகையில் எழுதிக் காட்டுகிறாள். அதற்காகவே குரலைச் சேர்த்து வைக்கிறாள். பேச வேண்டியதைக் குறைக்கத்தான் உன் வசனத்தை வெட்டுகிறாள்.

என் பேச்சு எடுபடவில்லை. உன்னால் ஏதாவது முடியுமா என்று பார். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. பேசாமலேயே என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அத்தான்

---

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகக் கேட்கிறேன்.

கோர்ட்டுக் காட்சி நேற்று எடுத்தோம். உனக்கு ஒரு நல்ல செய்தி. நான் வாயே திறக்கவில்லை.

கோபப்படாதே, கேள். ஜட்ஜ் கேட்டார். மூன்று பக்கமும் எனக்கு மனப்பாடம். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன். டைரக்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து "பேசு, பேசு" என்று கை காட்டினார். நான் பேசவில்லை. உள்ளுக்குள் ஒவ்வொரு வரியையும் ஓட்டினேன், உதட்டை மட்டும் பூட்டிக்கொண்டேன். கடைசியில் தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டேன். வசனக்காரர் ஸ்கிரிப்டைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். டைரக்டர், "இதுதாம்மா படம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே டப்பிங்கில் உனக்கு வேலையே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறதை வேறு யாராவது பேசிக்கொள்வார்கள். நீ அலைய வேண்டாம். இந்த ஓய்வில் ஒரு நல்ல டாக்டரிடம் உடம்பைப் பொதுவாகக் காட்டிக்கொள்ளேன். எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொள்வதுதானே?

வாயாடி

---

மார்ச் 22

யாரைக் கேட்டு வாயை மூடினாய்?

பொதுவாகக் காட்டிக்கொள்ள வேண்டுமாம்! உன் அத்தான் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு எனக்கு நல்லது செய்கிறீர்களோ?

அடியே, நான் ஏன் இத்தனை நாள் ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? உனக்காக என்று நினைத்துக்கொண்டாயா? உன் படம் என் குரல் இல்லாவிட்டால் ஓடாது என்ற கவலையா எனக்கு? குழந்தை தெருவில் சைக்கிளுக்கு எதிரே ஓடினாள். கூப்பிட வாயெடுத்து, நிறுத்தி, ஓடிப்போய்ப் பிடித்தேன். அப்போதும் பேசவில்லை. ஏன்? அந்த மூன்று பக்கத்துக்காக.

உன் முதல் படத்தில் நீ பேசியதைக் கேட்டு டைரக்டர், "பாப்பா பார்க்க நல்லா இருக்கு, வாயைத் திறந்தா தகரம் கிழியுது" என்றார். நான் சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, "இப்படிச் சொல்லுடி" என்று சொல்லிக் காட்டினேன். சவுண்ட்காரர் மைக்கை அணைக்கவில்லை. அன்றிலிருந்து எட்டுப் படம் உன் உதட்டுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். சந்தோஷமாகத்தான் நின்றேன். என் பெயர் எங்கேயும் வராது என்று தெரியும். ஆனால் குரல் இருக்கும் இல்லையா? நான் போன பிறகும் படம் போட்டால் பேசும் இல்லையா?

ஆபரேஷனுக்குப் பிறகு இது வராமல் போகலாம். அதற்கு முன்னால் ஒரு தடவை, உருப்படியான ஒன்றை, முழுசாகப் பேசி வைத்துவிட்டுப் போக நினைத்தேன். அது உன் காட்சி இல்லை. என் காட்சி. அதை நீ விழுங்கிவிட்டாய்.

இனி எழுதாதே.

---

ஏப்ரல் 2

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேக்கப்போடு அழுதேன். மறுபடி போட வேண்டியதாகிவிட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். உனக்கு உதவுகிறேன் என்று உன் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறேன்.

டைரக்டரிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன், மறுபடி எடுக்கலாம் என்று. கோர்ட்டு செட்டைப் பிரித்துப் பலகையெல்லாம் லாரியில் ஏற்றியாகிவிட்டது. "பணம் முதலாளி தருவாரா? தரமாட்டார். விடு" என்றார். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவர், திடீரென்று, "ஏம்மா, நீ வாயைத் திறக்கலதானே? வாய் மூடியிருந்தா என்ன? அவ மனசு பேசட்டும். கூண்டுல நிக்கிறா, சபைக்கு ஒரு வார்த்தையும் கேக்காது, கொட்டகையில இருக்கிறவங்களுக்கு மட்டும் கேக்கும்" என்றார். அதைக் கேட்டதும் வசனக்காரர் ஸ்கிரிப்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

உனக்குப் புரிகிறதா அக்கா? என் உதடு அசையாது. ஆகவே நீ எதற்கும் பொருந்த வேண்டாம். வேண்டிய இடத்தில் நில், இரும வேண்டுமென்றால் இருமு, நாலு வரி பேசிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திரு. ஒட்டிக்கொள்வார்கள்.

இதைக் கேட்பது எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஒரு நாளால் உன் தொண்டைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றால், பேசி முடித்த மறுநாளே ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும். இதில் நான் பிடிவாதம்.

இன்னொன்று. உன் பெயரைப் படத்தில் போடச் சொல்லிவிட்டேன். முதலாளி குதிக்கிறார்.

வாயாடி

---

ஏப்ரல் 26

அன்புள்ள வாயாடிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நீ வேறு படத்துக்காக எங்கேயோ பாலைவனத்தில் நிற்கிறாய் என்று கேள்விப்பட்டேன். வெயிலில் வேகாதே.

டாக்டர் முதலில் முறைத்தார். பிறகு, "ஒரு நாள். மெதுவா. கத்தக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது" என்றார். கிசுகிசுப்பு கத்தலைவிடக் கெடுதலாம். இத்தனை வயசுக்கு அது தெரியாது எனக்கு.

போனோம். அத்தான் ஃபிளாஸ்கும் துண்டுமாகப் பின்னால் வந்தார். சவுண்ட்காரர் நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டார். திரையில் நீ கூண்டில் நிற்கிறாய். எனக்குப் பழக்க தோஷம், உன் உதட்டையே பார்க்கிறேன், எப்போது அசையும் என்று. அசையவே இல்லை. "அம்மா, ஆரம்பிங்க, உங்க இஷ்டம்" என்கிறார் சவுண்ட்காரர். என் இஷ்டமா? எட்டுப் படத்தில் ஒருத்தரும் சொல்லாத வார்த்தை. ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தே பழகியவளைத் தனியாகப் போ என்றால் எப்படி இருக்கும்?

பிறகு பேசினேன். மூன்று பக்கம். இரண்டு இடத்தில் குரல் பிசிறியது. மறுபடி பேசுகிறேன் என்றதற்கு டைரக்டர் வேண்டாம் என்றுவிட்டார். முடிந்ததும் அத்தான் துண்டை எனக்குத் தராமல் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உன்மேல் கோபம் போய்விட்டது. முழுசாக இல்லை. பெயர் விஷயத்தில் முதலாளியோடு சண்டை போடாதே என்று எழுத நினைத்தேன். இல்லை, போடு.

அடுத்த வாரம் ஆபரேஷன். நீ வராதே. உன்னைப் பார்க்க ஊரே ஆஸ்பத்திரி வாசலில் திரண்டால் மற்ற நோயாளிகள் என்னைச் சபிப்பார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எழுதுவதால் சொல்கிறேன், வாயால் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்கா

---

மே 23

அன்புள்ள அக்கா,

நான் ஊர் திரும்பி வீட்டில்தான் இருக்கிறேன், என் பின்னால் கூட்டம் உன் வாசலுக்கும் வந்துவிடும் என்றுதான் அங்கே வரவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, கட்டியில் விஷம் ஒன்றும் இல்லை என்று அத்தான் தந்தி கொடுத்தார். அதோடு சரி. தொண்டையைத்தானே அறுத்தார்கள், கையை இல்லையே? ஒரு வரி எழுதக் கூடாதா? கட்டு பிரித்தாயிற்றா? பேசச் சொன்னார்களா? பேசினாயா? அத்தானுக்குப் போன் போட்டால், "அவளே சொல்லுவா" என்று வைத்துவிடுகிறார். குளிக்கிறாள், தூங்குகிறாள் என்றாவது சொல்லியிருக்கலாம். நல்லது என்றால் சொல்லியிருக்க மாட்டாரா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

படம் போட்டுக் காட்டினார்கள். திரையில் நான் நிற்கிறேன், நீ பேசுகிறாய். உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முதலாளி மூக்கைச் சிந்தினார். உன் பெயர் வருகிறது, தனியாக, பெரிதாக.

அதனால் ஒரு தொல்லை. இத்தனை நாள் என் குரல் என் குரல் இல்லை என்று பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து போன் மேல் போன். "யார் உங்க அக்கா, எங்க இருக்காங்க?" என்று. வீட்டில் என்னைக் கூப்பிடுகிற செல்லப் பெயரைக்கூட எங்கேயோ தோண்டி எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லிப் பேச்சுக் கொடுக்கிறார்கள். நான் ஒரு வார்த்தை திட்டிவிட்டு வைத்துவிடுகிறேன்.

நீ எழுது. எதுவாக இருந்தாலும் எழுது. என்னால் தாங்க முடியும்.

வாயாடி

---

ஜூன் 11

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், நேற்று நன்றாகத் தெம்பாகத்தான் கத்தினாய்.

நேற்றுக் காலையில் உனக்குப் போன் பண்ணியது நான்தான்.

டாக்டர் பேசலாம் என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. வீட்டில் இருப்பவர்களைத் தவிர முதலில் உன்னோடுதான் பேச வேண்டும் என்று வைத்திருந்தேன். அத்தான் ஆபீஸ் போனார், வாண்டு பள்ளிக்கூடம் போனாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நீ எடுத்தாய். "நான்தான்" என்றேன். "நான்தான்னா யாருங்க?" என்றாய். "வாயாடி" என்றேன். "இந்தப் பேரை எவன் உங்களுக்குச் சொன்னான்? உங்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி கிடையாதா? வைங்கம்மா போனை" என்றாய். வைத்துவிட்டாய்.

அழாதே. உன்மேல் தப்பில்லை. முதல் நாள் இந்தக் குரலைக் கேட்டு வாண்டுவே அவள் அப்பாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நானே திரும்பிப் பார்த்தேன், யார் பேசுகிறது என்று. கரகரவென்று, கனமாக, யாரோ ஒரு பெரியம்மாவின் குரல். இது கொஞ்சம் தேறும், ஆனால் பழையது வராது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அத்தானை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான். என் வாயாலேயே சொல்ல நினைத்தேன். எழுதத்தான் முடிந்தது.

அடுத்த படத்துக்கு நீயே பேசு, இல்லாவிட்டால் வேறு யாரையாவது வை. அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேற்று முழுக்க அழுதேன். இன்று அழவில்லை. வாண்டு இப்போது ஒளிவதில்லை. இந்தக் குரலிலேயே கதை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு தூங்குகிறாள். ராட்சசன் வரும் இடம் முன்னைவிட நன்றாக இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி கூப்பிடுகிறேன். நீயே எடு. நான்தான் முதலில் பேசுவேன். யாரென்று மட்டும் கேட்டுவிடாதே.

அக்கா